நடுவில் வைத்த பஞ்சு

டேடன், ஒஹாயோ
7 ஏப்ரல் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும் காய்ந்த ஆப்பிள் பொட்டலமும் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தன. ஆப்பிளில் பாதி ரோண்டா வாயில் போய்விட்டது. மீதிக்கு நான் கேக் சுடுவதற்குள் அதுவும் போய்விடும். இருபத்து மூன்று வயதாகிறது, இன்னும் பொட்டலத்தைக் கண்டால் முன்னால் வந்து நிற்கிறாள்.

சேதி இதுதான். செப்டம்பர் இருபதாம் தேதி, சனிக்கிழமை, ரோண்டாவுக்குக் கல்யாணம். வெண்டல் வீட்டாரும் சரி என்று சொல்லிவிட்டார்கள். பையன் பஸ் பணிமனையில் மெக்கானிக். நகத்தில் கருப்பு போவதே இல்லை, மனசில் கருப்பு இல்லை. ரோண்டாவின் கைத் தழும்பை அவன் ஒரு தடவைகூட முறைத்துப் பார்த்து நான் கண்டதில்லை. அவளுக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. கல்யாண கவுனே கையில்லாததுதான் வேண்டுமாம். நான் உள்ளே போய் அழுதேன்.

கல்யாணப் போர்வையின் மேல்துணியை ஒட்டுப்போட்டு முடித்துவிட்டேன். வளையத்தில் வளையம் கோத்த ஜோடி மோதிர டிசைன். வளைவு ஒன்றிரண்டு கோணல், நீ கண்டுபிடித்துத் திட்டுவாய் என்று தெரியும். விரித்துக் கட்டித் தைக்கும் மரச்சட்டம் உன்னிடம்தான் இருக்கிறது, கையும் உன் கைதான் வேண்டும். நடுவில் வைக்கும் பஞ்சை இங்கே வாங்கி அனுப்புகிறேன் என்று கடைக்குப் போனால் தலை சுற்றுகிறது. சுவர் முழுக்க அடுக்கி வைத்திருக்கிறார்கள். கடைப்பெண், "பாலியஸ்டர் எடுத்துக்கோங்க மேடம், புஸுபுஸுன்னு இருக்கும், மெஷின்லயே போட்டுத் தொவைக்கலாம்" என்றாள். நான் பார்த்த பார்வையில் ரெண்டடி பின்னால் போனாள். உருகுகிற எதுவும் என் மகள் மேல் இனிப் படாது. எதை வாங்க, எப்படிப் பார்த்து வாங்க, விவரமாக எழுது.

இன்னொன்று. அப்பாதான் கையைப் பிடித்துச் சபைக்குள் அழைத்துப் போக வேண்டும் என்கிறாள். முடியாது என்றேன். மூன்று நாளாகப் பேசவில்லை.

உன் அன்புத் தங்கை,
வெல்டா

லாரல் ஓடை, கென்டக்கி
15 ஏப்ரல் 1986

என் அருமை வெல்டாவுக்கு,

படித்ததும் கத்திவிட்டேன். பூனை அலமாரிக்கு மேலே ஏறிக்கொண்டது. அதைத் திட்டாமல் விட்டேன், போர்வை முடிந்ததும் அதற்கு வேலை இருக்கிறது. நம் ஓடை ஊரில் இன்னும் ஐந்து கல்யாணமாகாத பெண்கள் இருக்கிறார்கள். போர்வையை நாலு பக்கமும் பிடித்துப் பூனையை நடுவில் போட்டுக் குலுக்கினால், யார் பக்கம் குதிக்கிறதோ அடுத்த கல்யாணம் அவளுக்கு. போன தடவை பாதிரியார் பக்கம் குதித்தது. பாவம், அவர் மனைவி ஒரு வாரம் சிரிக்கவே இல்லை.

நீ போனில் கேட்டிருக்கலாம் என்று நினைப்பாய். வேண்டாம். எங்கள் போன் லைன் ஏழு வீட்டுக்குப் பொது, யார் பேசினாலும் மற்றவர்கள் எடுத்துக் கேட்கலாம். நான் தும்மினால் ஆர்லீன் தன் வீட்டிலிருந்து "கர்த்தர் காப்பாத்தட்டும்" என்கிறாள். நம் வீட்டு விஷயம் ஓடை முழுக்க ஓட வேண்டாம். எழுதியே பேசுவோம்.

பஞ்சு விஷயம். பருத்திதான், வேறு பேச்சே இல்லை. கம்பளிக்குப் பூச்சி வரும். பாலியஸ்டர் சோம்பேறிப் பஞ்சு, ஒரு சாண் விட்டு ஒரு சாண் தைத்தாலும் நிற்கும், அதனால்தான் இந்தக் காலத்துப் பெண்கள் அதற்குப் பறக்கிறார்கள். பருத்தியை ரெண்டு விரல் இடைவெளிக்கு ஒரு தையல் போட்டு அடக்க வேண்டும். இல்லையென்றால் ரெண்டு துவைப்பில் மூலைக்கு ஓடிக் கட்டிக்கொள்ளும். நான் போடுகிறேன், உனக்கென்ன கவலை. விரித்துப் பிடித்தால் அங்கங்கே பழுப்பாக விதைத் துகள் தெரிய வேண்டும். கவரில் என்ன எழுதியிருந்தாலும் நம்பாதே. ஒரு சிட்டிகை பிய்த்துத் தொட்டியில் வைத்துத் தீக்குச்சி காட்டு. பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் விரலில் மாவாகும். மற்றதென்றால் சுருங்கி உருகிக் கருப்பு மணியாக இறுகிவிடும், நசுக்கினாலும் நசுங்காது. நெருப்பிடம் பொய் சொல்ல முடியாது.

ரோண்டா அப்பா ஹோபர்ட் விஷயம். தங்கையே, கோபித்துக்கொள்ளாமல் கேள். நீ அவனை விட்டுப் போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது. அவன் குடிப்பதில்லை, வேறு பெண்ணைத் தேடவில்லை. குளிர் ஆரம்பித்தால் சொல்லாமலே ஒரு வண்டி நிலக்கரி கொண்டுவந்து என் கொட்டகையில் போட்டுவிட்டுப் போகிறான். காப்பி குடித்துவிட்டுப் போ என்றால் வாசலிலேயே நின்று குடிப்பான். ரோண்டா படம் ஏதாவது வந்ததா என்று மட்டும் கேட்பான். அவனை வரவிடு. எனக்காக வரவிடு.

என்றும் உன்,
டெல்ஃபி அக்கா

டேடன்
28 ஏப்ரல் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் பஞ்சு. நீ சொன்னபடி செய்தேன். கவரில் "பருத்தி" என்று கொட்டை எழுத்து. சிட்டிகை எடுத்து எரித்தேன். பாதி சாம்பல், சாம்பலுக்குள்ளே கடுகு மாதிரி கருப்பு மணிகள். கடைக்குத் திரும்ப எடுத்துப் போனேன். "நூத்துக்கு எண்பது பங்கு பருத்திதானே மேடம்" என்றாள் அந்தப் பெண். "மீதி இருபது பங்கு யாரு பொண்ணு மேல ஒட்டும்னு நெனச்ச?" என்றேன். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ரோண்டா என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள். பிறகு ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிழத் தம்பதி வைத்திருக்கும் கடையில் நிஜமானது கிடைத்தது. விதைத் துகள் இருக்கிறது. எரித்தேன், மாவாகிவிட்டது. ஓர் உருளை வாங்கி வைத்திருக்கிறேன்.

அடுத்தது அந்த மனுஷன். எனக்காக என்று எழுதியிருக்கிறாய். உனக்காக உயிரைக் கேட்டாலும் தருவேன், இதைக் கேட்காதே. நாலாவது பிறந்த நாளுக்கு நைலான் கவுன் வாங்கி வந்தது யார்? ஜனவரியில், அடுப்புப் பொறி பறக்கிற வீட்டில், நாலு வயசுப் பிள்ளைக்கு. பிள்ளை காலையில் அந்தக் கவுனோடு அடுப்பு முன்னால் உன் போர்வைக்குள் சுருண்டு படுத்திருந்தாள். ஒரு பொறி, அவ்வளவுதான். டாக்டர் சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்ததை நீயும்தானே பார்த்தாய். "உருகுன துணிம்மா, தோலோட ஒட்டிக்கிச்சு" என்றார். பருத்தியாக இருந்திருந்தால் தட்டி அணைத்திருக்கலாம் என்றார். அந்த மனுஷன் சுவர் ஓரமாக நின்றார். "நாந்தான் வாங்குனேன்" என்றார். அவர் வாயாலேயே சொன்னார் அக்கா. நானாகக் கட்டிவிட்ட கதை இல்லை.

ரோண்டா ஒரு யோசனை சொன்னாள். உன் பழைய போர்வையில் எரியாத பாதி என் பெட்டியில் இருக்கிறதல்லவா. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சுருட்டிப் போட்டவள், இதுவரை பிரிக்கவே இல்லை. நம் அம்மா எப்போதும் பழைய போர்வையில் ஒரு துண்டைப் புதுசுக்குள் வைத்துத் தைப்பாளே, அதே மாதிரி நீ தனக்காகப் பஞ்சடித்துத் தைத்ததில் ஒரு துண்டு இதற்குள்ளும் இருக்கட்டும் என்கிறாள். "என்னைக் காப்பாத்துன பாதி அது" என்கிறாள். இந்தச் சனிக்கிழமை வெட்டி எடுக்கலாம் என்றிருக்கிறேன்.

உன்,
வெல்டா

லாரல் ஓடை
2 மே 1986

வெல்டா,

அந்தப் போர்வையை வெட்டாதே. நெருப்புப் பட்டதைக் கல்யாணப் போர்வைக்குள் வைக்கக் கூடாது, நல்லதில்லை. பஞ்சும் இற்றுப்போயிருக்கும், தையல் பிடிக்காது. அப்படியே சுருட்டி எனக்கு அனுப்பிவிடு. வேறு ஏதாவது அம்மா துணி என்னிடம் இருக்கிறது, அதை வைத்துத் தைக்கிறேன்.

தபால்காரர் வாசலில் நிற்கிறார். அவரிடமே கொடுக்கிறேன்.

டெல்ஃபி

டேடன்
5 மே 1986

அக்கா,

உன் துண்டுக் கடிதம் இன்று வந்தது. சனிக்கிழமையே வெட்டிவிட்டேன்.

எரிந்த ஓரம் கல் மாதிரி இருந்தது, பாகு காய்ந்து இறுகினது போல. கத்தரி இறங்கவில்லை. நல்ல பக்கமாகப் பிரித்தேன். உள்ளே பால் வெள்ளை, ஒரு விதைத் துகள் இல்லை. ரோண்டா, "அத்தனை வருஷம் ஆகியும் எவ்ளோ புஸுபுஸுன்னு இருக்கு பாரும்மா" என்றாள். எனக்கு அந்தக் கடைப்பெண் குரல் கேட்டது. தையல் இடைவெளியை என் கையால் அளந்து பார்த்தேன். ஒரு சாண்.

அவளைக் கடைக்கு அனுப்பிவிட்டு ஒரு சிட்டிகை எடுத்துத் தொட்டியில் வைத்தேன். தீக்குச்சி உரசும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கருப்பு மணி இன்னும் ஜன்னல் ஓரத்தில்தான் இருக்கிறது. சுத்தியால் அடித்தும் பார்த்தேன்.

பிறகு ஆல்பத்தை எடுத்தேன். பிறந்த நாள் படம். அந்தக் கவுனில் கை கிடையாது அக்கா. தோளில் ரெண்டு ரிப்பன், அவ்வளவுதான். ஜனவரியில் கையில்லாத கவுனை எந்தப் புத்திசாலி வாங்குவான் என்று அன்றைக்கே அவரிடம் சண்டை போட்டவள் நான்தான். என் கையால்தான் மாட்டிவிட்டேன். ரோண்டாவுக்குத் தழும்பு முழங்கையிலிருந்து கழுத்து வரை. கவுன் இல்லாத இடத்தில் கவுன் எப்படி உருகி ஒட்டும்? பத்தொன்பது வருஷமாகத் தினம் அந்தக் கையைப் பார்க்கிறேன், ஒரு நாளும் இதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

உன்னிடம் ஒரே கேள்வி. உனக்குத் தெரியுமா, தெரியாதா? கடைக்காரன் உன்னை ஏமாற்றியிருந்தால் அதைச் சொல். நம்புகிறேன்.

வெல்டா

லாரல் ஓடை
19 மே 1986

என் வெல்டா,

ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். தெரியும். யாரும் என்னை ஏமாற்றவில்லை.

அந்தப் பிறந்த நாளுக்கு முந்தின கிறிஸ்மஸுக்கு ஒன்பது நாள் இருக்கும்போதுதான் சபைக்காக நான் தைத்த போர்வை முடிந்தது. குழந்தைக்கு ஒன்று தருகிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். தபாலில் வரவழைத்த பாலியஸ்டர் உருளை ஒன்று ஆர்லீன் வீட்டில் இருந்தது. அதைக் கேட்டு வாங்கினேன். சாண் தையல் போட்டு எட்டு நாளில் முடித்தேன். அதைச் சோம்பேறிப் பஞ்சு என்று சபையில் எல்லார் முன்னாலும் கேலி பேசியவள் நான். நீ வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, "எவ்ளோ லேசா இருக்கு அக்கா, பஞ்சு நீயே அடிச்சியா?" என்று கேட்டாய். "பின்னே?" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான். என் தையலைப் பற்றி என்ன நினைப்பாயோ என்கிற வெட்கத்துக்குச் சொன்னது. பொய் என்றுகூட அப்போது தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்ன அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தேன். அதற்குள் ஹோபர்ட், "நாந்தான் வாங்குனேன்" என்றான். நீ அவன் பக்கம் திரும்பினாய். நான் வாயை மூடிக்கொண்டேன். பிள்ளை பிழைக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். பிழைத்தாள். நீ கொஞ்சம் தேறட்டும் என்றேன். அதற்குள் மூட்டை கட்டிக்கொண்டு டேடன் போய்விட்டாய். ஒவ்வொரு வருஷமும் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. குளிர்காலம் முழுக்க அவன் கொண்டுவந்து போட்ட கரியில்தான் குளிர் காய்கிறேன். இரக்கப்படு என்று எழுதவில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

பொறி பறந்தது அடுப்பிலிருந்துதான், அது யார் குற்றமும் இல்லை. தட்டி அணைத்திருக்கலாம் என்றாரே டாக்டர், அணைக்க முடியாமல் செய்தது நான்.

தீக்குச்சிச் சோதனையை உனக்கு ஏன் எழுதினேன் என்று பத்து நாளாக யோசிக்கிறேன். விதைத் துகளைப் பார் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். கிழவிக்கு வாய் நீளம், தெரிந்ததையெல்லாம் காட்டிக்கொள்ள வேண்டும் என்று எழுதினேன் போலிருக்கிறது. வேறு காரணமும் இருக்கலாம். என்னால் சொல்ல முடியாததை வேறு ஏதாவது சொல்லித் தொலைக்கட்டும் என்று. அப்படி இருந்தால் அதிலும் கோழைதான் நான்.

மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை. ஹோபர்ட்டை அழை. அதை மட்டும் கேட்கிறேன்.

டெல்ஃபியா

டேடன்
16 ஜூன் 1986

டெல்ஃபியா,

மேல்துணி, அடித்துணி, பருத்தி உருளை மூன்றும் இன்று பார்சலில் போட்டேன். வேறு யாரிடமாவது கொடுக்கலாம் என்று ரோண்டாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "பெரியம்மாவே தைக்கட்டும், இந்தத் தடவ ரெண்டு வெரல் எடவெளில" என்றாள். அவள் உன்னிடமிருந்து இதைக் கேட்பதால் அனுப்புகிறேன், நான் கேட்கவில்லை.

அவளே ஹோபர்ட்டுக்குப் போன் செய்து கல்யாணத்துக்குக் கூப்பிட்டாள். வருகிறார். பஞ்சு பற்றி ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அதைச் சொல்ல வேண்டியது நீ. கல்யாணத்துக்கு முந்தின சனிக்கிழமை போர்வையை எடுத்துப்போக உன் வீட்டுக்கு வருவார். ஆஸ்பத்திரியில் சொல்லாமல் விட்டதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல். கடிதத்தில் இல்லை.

நான் அவருக்குச் சொல்ல வேண்டியது எனக்கு இருக்கிறது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

போர்வையில் ஒரு மூலையை மட்டும் தைக்காமல் வை. பக்கத்தில் ஒரு தீப்பெட்டியும் வை, அவர் எரித்துப் பார்க்கட்டும்.

வெல்டா

லாரல் ஓடை
14 செப்டம்பர் 1986, ஞாயிறு

வெல்டாவுக்கு,

ஹோபர்ட் நேற்றுக் காலை பத்து மணிக்கு வந்தான். புதுச் சட்டை, தலைமுடி வெட்டியிருந்தான். வழக்கம் போல வாசலில் நின்றான். உள்ளே வா, உட்கார் என்றேன். காப்பியைக் கொடுக்கும் முன்பே சொல்லிவிட்டேன், கொடுத்தால் தள்ளிப்போடுவேன் என்று எனக்குத் தெரியும். பஞ்சு, ஆர்லீன் வீட்டு உருளை, "பின்னே?" என்று சொன்னது, ஆஸ்பத்திரியில் வாயை மூடிக்கொண்டது, தீக்குச்சிச் சோதனை, எல்லாம்.

அவன் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டான். கத்துவான் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு, "கவுனுக்குக் கை கெடையாதுன்னு நான் ரெண்டு தடவ சொன்னேன் டெல்ஃபி அக்கா. வெல்டா காதுல விழல. அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துருச்சு, இருந்துச்சோ என்னமோன்னு" என்றான். "ஒவ்வொரு வருசமும் உங்க கொட்டாய்ல கரி போடறப்ப, இந்த வீட்டுலயாவது என்னை நல்லவன்னு நெனைக்கறாங்கன்னு நெனச்சுக்குவேன்" என்றான்.

நான் அழுதேன். அவன் அழவில்லை.

எழுந்து போர்வையிடம் போனான். பூனை வேலையெல்லாம் வியாழக்கிழமையே முடிந்துவிட்டது. பூனை யார் பக்கமும் போகாமல் நடுவிலேயே படுத்துக்கொண்டது. அவன் தையலை விரலால் அளந்தான். ரெண்டு விரல், மறுபடி ரெண்டு விரல், இப்படியே ஓரம் வரைக்கும். தைக்காத மூலையில் கைவிட்டு ஒரு சிட்டிகை எடுத்தான். வேண்டாம் என்று சொல்லிவிடுவானோ என்று ஒரு நிமிஷம் எதிர்பார்த்தேன், வெட்கமில்லாமல். சொல்லவில்லை. அடுப்புத் தகட்டில் வைத்துத் தீக்குச்சி கிழித்தான். காகித வாசனை வந்தது. ஆறும் வரை நின்றான், சாம்பலை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தான். மாவாகி உதிர்ந்தது. கையைப் புதுப் பேண்ட்டிலேயே துடைத்துக்கொண்டு, "தைங்க" என்றான்.

அவன் பக்கத்தில் நிற்கும்போதே அந்த மூலையைத் தைத்தேன். அந்த ஓரத்தில் மட்டும் தையல் கோணலாக இருக்கும், திட்டாதே. மடித்து அவன் கையில் கொடுத்தேன். வண்டியில் முன் சீட்டில் வைத்துக்கொண்டு போனான். காப்பி அப்படியே இருந்தது.

கல்யாணத்துக்கு நான் வரலாமா கூடாதா என்று அவனைக் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு டேடனுக்கு ஒரு பஸ் இருக்கிறது. நீல உடுப்பைத் தேய்த்து நாற்காலியில் போட்டு வைத்திருக்கிறேன். இந்தக் கடிதம் புதன்கிழமை உன் கைக்கு வரும். பதில் எழுதினால் எனக்குக் கிடைக்க நேரம் போதாது. வியாழன் வரை பார்ப்பேன், அதற்குப் பிறகு உடுப்பை எடுத்துத் திரும்ப அலமாரியில் மாட்டிவிடுவேன். உன் மேல் வருத்தம் இருக்காது.

வரச் சொல்வதானாலும், வராதே என்று சொல்வதானாலும், போனில் சொல். நான் செய்ததையும் சேர்த்தே சொல். ஏழு வீடும் கேட்கட்டும்.

டெல்ஃபி